வரையாட்டின் எலும்பையும் காப்பாற்றுங்கள்: வனத்துறைக்கும் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரையாட்டுத் திட்ட அலுவலர்களுக்கும், நீலகிரி, கொடைக்கானல் வனக்கோட்டங்களின் அலுவலர்களுக்கும், இம்மலைகளில் பள்ளிகளை நடத்தும் கல்வித் துறையினருக்கும்,

வணக்கம்.

பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இயற்கையாக இறந்துபோகும் வரையாடு, காட்டுமாடு, கடமான், கேழையாடு, சருகுமான் ஆகியவற்றில் சிலவற்றின் மண்டையோட்டையும் பற்களையும் கால் எலும்புகளையும் அழியவிடாமல் எடுத்து வையுங்கள். உதகையில் ஒன்று, கொடைக்கானலில் ஒன்று எனக் குளம்புள்ள விலங்குகளுக்கென்று இரண்டு எலும்பு அறைகள் அமைத்துத் தாருங்கள். அந்த எலும்புகளுக்குப் பக்கத்திலேயே, இந்திய மண்ணில் கிடைத்த ஆதி குளம்பு விலங்குகளின் புதைபடிவ வார்ப்புகளையும், அதாவது அச்செடுத்துச் செய்த நகல்களையும், வையுங்கள்.

நம் மாநில விலங்குக்காக அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டமே அறிவித்தது. கணக்கெடுப்பு, ரேடியோ கழுத்துப்பட்டை, அழிந்த இடங்களில் மறுபடியும் கொண்டுபோய் விடுவது, புல்வெளி மீட்பு என்று வேலை நடக்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் என்று செய்தி வந்த அன்று எங்கள் பள்ளியில் அதைக் கரும்பலகையில் எழுதி வைத்தோம். அக்டோபர் 7ஆம் நாள் வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது. பிள்ளைகள் ஓவியம் வரைகிறார்கள், பேரணி போகிறார்கள். இவற்றையெல்லாம் மனமார வரவேற்கிறேன். ஆனால் இத்தனை சுவரொட்டிகளிலும் கையேடுகளிலும் வரையாடு நேற்றுத்தான் பாறைமேல் வந்து நின்றதுபோல நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது, யாருடைய வழித்தோன்றல், அதன் பல் ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. கடந்த காலம் தெரியாத விலங்கின்மீது பிள்ளைகளுக்கு இரக்கம் வரலாம். அது வாழும் புல்வெளியை ஏன் காக்க வேண்டும் என்ற புரிதல் வராது.

எலும்பைப் பெட்டியில் வைத்திருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது காலாகோட் கற்களின் கதையை. ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்தில் இருக்கிறது காலாகோட். அங்கே இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் பாறைத் துண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் தெரிந்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் கொண்டு 1971இல் ஒரு சிறிய குளம்பு விலங்கை விவரித்து, இந்தோஹையஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கு அது. கற்களில் பல உடைக்கப்படாமலே கிடக்க, ரங்கா ராவ் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி அந்தக் கற்களைத் தூக்கி எறியவில்லை. பிற்பாடு ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் கல்லிலிருந்து எலும்பைப் பிரிக்கும் வேலையின்போது ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி தற்செயலாக உடைந்தது. உடைந்த இடத்தில், உட்பக்கச் சுவர் மட்டும் தடித்த ஒரு காது எலும்பு தெரிந்தது. அப்படிப்பட்ட காது அதுவரை திமிங்கிலங்களிடமும் அவற்றின் நெருங்கிய இனங்களிடமும் மட்டுமே அறியப்பட்டிருந்தது. கால் எலும்புகளை வெட்டிப் பார்த்தபோது அவற்றின் சுவரும் தடித்திருந்தது. தண்ணீரில் நடமாடும் விலங்குகளுக்கு அமையும் தடிப்பு அது. 2007 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. திமிங்கிலத்தின் நெருங்கிய உறவினர், சருகுமானை ஒத்த உருவமுள்ள ஒரு குளம்பு விலங்கு என்று உலகம் தெரிந்துகொண்டது.

பூண்டும் கேரட்டும் விளையும் எங்கள் ஊர்களில் கடலையே பார்த்திராத பிள்ளைகள் இருக்கிறார்கள். திமிங்கிலத்தின் உறவுக்காரர் காலில் குளம்போடு இந்திய ஓடைக்கரையில் நடந்தார் என்று சொல்லும்போது அந்தக் கண்கள் விரிவதைப் பார்த்தால், இந்த மடலை நான் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கே விளங்கும். ஒரு குடும்பம் கற்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் மட்டுமே இந்தக் கதை நமக்குக் கிடைத்தது.

கேட்டால் மட்டும் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும். என் மேசை இழுப்பறையில் ஓர் ஆட்டின் கணுக்கால் எலும்பு இருக்கிறது. கறிக்கடையில் கேட்டு வாங்கி, வேகவைத்துச் சதையை நீக்கி, வெயிலில் காயவைத்தது. ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவதுபோலத் தெரியும் மூட்டை முழங்கால் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. ஆடு விரல் நுனியில் நிற்கிறது; குளம்பு என்பது விரலை மூடிய நகம். அந்தக் கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் எலும்பு என் கட்டைவிரலின் மேற்பகுதி அளவுதான். அதன் மேல்முனையில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம், கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடும் பள்ளத்தைப்போல. கீழ்முனையிலும் அதேபோல இன்னொன்று. இரண்டு முனையிலும் உருளும் இந்த எலும்பால், பாதம் முன்னும் பின்னும் வேகமாக மடங்குகிறது, பக்கவாட்டில் பிசகுவதில்லை. ஓடவும் தாவவும் இதைவிடப் பொருத்தமான மூட்டு கிடையாது.

பன்றி, ஒட்டகம், நீர்யானை, மான், ஒட்டகச்சிவிங்கி, மாடு, ஆடு என்று இரட்டைப்படை விரலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டை உருளை உண்டு. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் மேலே மட்டும்தான் உருளை, கீழ்ப்பக்கம் தட்டை. அவை ஒற்றைப்படை விரல் வகை. உடலின் பாரம் நடுவிரல் வழியாக இறங்குகிறது. ஐந்தரைக் கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைக்கும் முயல் அளவு விலங்கின் எலும்பிலும் இந்த இரட்டை உருளை இருக்கிறது. 2001இல் பாகிஸ்தான் பாறைகளிலிருந்து எடுத்த, கால்களோடு கூடிய ஆதித் திமிங்கிலங்களின் கணுக்காலிலும் இதுவே இருந்தது. திமிங்கிலம் எந்தக் குடும்பத்திலிருந்து கிளைத்தது என்று நெடுங்காலம் நடந்த விவாதத்தைப் பெருமளவு முடித்துவைத்தது இந்தச் சிறிய எலும்புதான். என் மாணவி ஒருத்தி ஆட்டு எலும்பைக் கையில் உருட்டியபடியே, "அப்படியென்றால் வரையாட்டுக்கும் இது இருக்குமா, சார்?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

இந்தக் குறை உங்களால் மட்டுமே தீரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கின் எலும்பு அரசின் சொத்து. ஆசிரியரோ மாணவரோ வழியில் கிடந்த ஒரு பல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. அந்தச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். சட்டம் அந்த உரிமையை உங்களிடம் கொடுத்திருப்பதால்தான் கோரிக்கையும் உங்களிடம் வருகிறது.

இந்த மலைகளைவிட இதற்குப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரியவில்லை. முதுமலையிலிருந்து முக்கூர்த்தி வரை ஏறினால் குளம்பு விலங்குகளின் நீண்ட வரலாற்றில் உருவான உடலமைப்புகள் பல உயிரோடு நடமாடுகின்றன. கீழ்க்காட்டில் சருகுமான்: கொம்பே கிடையாது, ஆணுக்குச் சிறு கோரைப்பற்கள், ஒவ்வொரு காலிலும் முழுமையான நான்கு விரல்கள். அசைபோடும் விலங்குகளின் மிகப் பழைய உடலமைப்பை இன்றும் சுமந்துகொண்டிருப்பது அது. அடுத்து கேழையாடு: கோரைப்பல்லும் உண்டு, குட்டைக் கொம்பும் உண்டு. கடமானுக்குக் கோரைப்பல் சிறுத்துவிட்டது, கொம்பு பெரிதாகி உதிர்ந்து மறுபடியும் முளைக்கிறது. காட்டுமாட்டுக்கும் தோடர் எருமைக்கும் எலும்பு மையத்தின்மேல் உறைபோட்ட, ஆயுளுக்கும் உதிராத கொம்பு. இவற்றில் ஒன்று மற்றொன்றுக்குத் தாத்தா ஆகாது, எல்லாம் பங்காளிகள். பொதுவான முன்னோரிடமிருந்து பிரிந்து, எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்பதில்தான் வேறுபாடு. இந்த இடத்தில் பாடம் நடத்தும் நாங்களே அடிக்கடி வழுக்குகிறோம். யானையைக் குளம்பு விலங்கோடு சேர்த்து எழுதும் பிள்ளைகளும் உண்டு. யானையின் வம்சம் வேறு. அது ஆப்பிரிக்காவில் தனியே கிளைத்த கூட்டம்.

வரையாட்டைப் பற்றி ஒரு செய்தி. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே மேயும் செம்மறிதான், இமயமலை வரையாட்டைவிட நம் வரையாட்டுக்கு நெருங்கிய உறவு. 2005இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. அதன் பிறகே நம் வரையாட்டுக்கு நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினம் ஏற்பட்டது. மரபணு இதைச் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. மலை அரித்துக்கொண்டே இருக்கும் இடம்; எலும்பைப் புதைத்து வைக்கும் வண்டல் அங்கே சேர்வது அரிது. அதனால் மலை விலங்குகளின் புதைபடிவங்கள் எங்குமே குறைவு. நீலகிரியின் சார்னோகைட் பாறையோ 250 கோடி ஆண்டு பழமையானது. பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. அதை எவ்வளவு தோண்டினாலும் ஒரு பல்கூட வராது. சுற்றுலா வருபவர்கள் பாறையில் விசித்திர உருவம் பார்த்துப் புதைபடிவம் என்று கொண்டுவந்து காட்டுகிறார்கள், பாவம், ஆர்வம்தான். நமக்குச் சொந்தமாகப் பாறைச் சான்று இல்லாததால்தான் வார்ப்புகளை வெளியிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. இன்று இறக்கும் விலங்கின் எலும்பையும் நாமே பாதுகாக்க வேண்டியிருக்கிறது. மண் நமக்காகப் பாதுகாத்துத் தராது.

இனி பல்லுக்கு வருகிறேன். திட்டத்தின் மையமான புல்வெளி மீட்புக்கு நேரடிச் சான்று இதில்தான் இருக்கிறது.

மாட்டின் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்து அரைக்கும் முகத்தைப் பாருங்கள். பிறை வடிவில் வெள்ளை வரம்புகள் வளைந்து வளைந்து ஓடும். வரம்பு கடினமான எனாமல். நடுவே பழுப்பாக இருப்பது அதைவிட மிருதுவான பல்திசு. மிருதுவானது சீக்கிரம் தேய, கடினமானது மேடாக நிற்கிறது. தேயத் தேயக் கூர்மை குறையாத அரைக்கும் முகம் இது. புல்லில் மணல் துகள் போன்ற சிலிக்கா இருக்கிறது, தரையோடு மேய்வதால் புழுதியும் சேர்கிறது. சாதாரணப் பல் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதனால் புல் மேய்ந்த வம்சங்களில் பல்லின் உயரம் தலைமுறை தலைமுறையாகக் கூடியது. தழை தின்ற விலங்கின் பல் குட்டை, புல் தின்ற விலங்கின் பல் நெட்டை. பாறையில் கிடைக்கும் ஒரே ஒரு பல்லைக் கொண்டு அந்த விலங்கு நின்ற நிலம் எப்படி இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் ஊகிப்பது இதனால்தான்.

இந்த நாடகம் முழுமையாக நடந்த இடம் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள். கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர் காட்லியும், சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஃபால்கனரும் 1830களில் அங்கே எலும்புகளைத் தேடினார்கள். 1836இல் சிவதீரியம் என்று பெயரிட்டு விவரித்த விலங்கு, தலையில் பெருங்கொம்புகளோடு யானையை நெருங்கும் பருமனில் வாழ்ந்த ஒட்டகச்சிவிங்கி இனம். நீர்யானைகள், மூவிரல் குதிரைகள், பல வகை மான்கள் என்று அந்தக் குன்றுகள் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, அங்கே மரமும் புதரும் பின்வாங்கிப் புல் பரவியது. 1989இல் வெளியான ஆய்வு ஒன்று பழைய மண்ணின் கரிமத்தை (கார்பன்) கொண்டே இதைக் காட்டியது. மரமும் வெப்ப நிலத்துப் புல்லும் காற்றிலிருந்து கரிமத்தைப் பிடிக்கும் முறை வேறு. அந்த வேறுபாடு மண்ணிலும், தின்ற விலங்கின் பல் எனாமலிலும் தங்கிவிடுகிறது. உணவை மாற்றிக்கொள்ள முடியாத விலங்குகள் அந்த மாற்றத்தில் மறைந்தன.

அதே முறையை நம் மலையிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். நீலகிரியின் சதுப்புகளில் மட்கிப் படிந்த கருமண்ணை ஆராய்ந்து, இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்திலேயே இங்கே புல்வெளி பரந்திருந்தது. பருவமழை வலுத்தபோது மரங்கள் கூடின, வறண்டபோது புல் கூடியது. மனிதர் காட்டை வெட்டியதால் புல் வந்தது என்ற பழைய எண்ணத்துக்கு இந்தச் சேறே பதில்.

ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணி, சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் பைனும் நட்டார்கள். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு 2018இல் சொன்னது. இப்போது நீங்கள் சீகையை அகற்றத் தொடங்கும்போது ஊரில் எதிர்ப்பு வருகிறது. "மரத்தை வெட்டுகிறார்களே" என்று வருந்துபவர்களின் மனம் நல்ல மனம்தான். அவர்களிடம் வெறும் அறிக்கையைக் கொடுக்காதீர்கள். வரையாட்டின் தாடையைக் கையில் கொடுங்கள். பக்கத்தில் சருகுமானின் குட்டைப் பல்லை வையுங்கள். எது எதைத் தின்று உருவானது என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும்.

உதகையிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி நடக்கிறது. அந்தக் குதிரைக்கும் அறையில் இடம் கொடுங்கள். ஆனால் நான்கு விரல் குட்டிக் குதிரை, மூவிரல் குதிரை, ஒற்றைக் குளம்புக் குதிரை என்று வரிசையாக நிற்கவைத்த அந்தப் பழைய படத்தை மட்டும் மாட்டிவிடாதீர்கள். குதிரை வம்சம் புதர்போலக் கிளைத்தது. ஒரே காலத்தில் பல இனங்கள் வாழ்ந்தன, பெரும்பாலானவை அழிந்தன. வட அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவ்வம்சம் அங்கேயே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அடியோடு மறைந்து, ஸ்பானியர்களின் கப்பலில்தான் திரும்பிப் போனது. குதிரை, காண்டாமிருக வம்சத்தின் வேருக்கு மிக அருகில் இருக்கும் காம்பேதீரியம் கிடைத்ததோ குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுப் படிவுகளில். அதைவிடப் பழைய சாட்சி மத்தியப் பிரதேசத்தில் எரிமலைக் குழம்புப் படிவங்களின் இடையே கிடைத்த ஒரே ஒரு பல். டைனோசர் காலத்துக் குளம்பு விலங்கு என்று 2007இல் அறிவித்தார்கள். ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தப் பல்லின் வார்ப்பும் வேண்டும், அந்தக் கருத்து வேறுபாட்டையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். அறிவியல் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். காட்டில் இறக்கும் விலங்கைக் காட்டிலேயே விடுவதுதான் முறை. செந்நாயும் கழுகும் காட்டுப்பன்றியும் அதை நம்பி இருக்கின்றன. எல்லா உடலையும் நான் கேட்கவில்லை. சாலையில் அடிபட்டவை, ஊருக்குள் இறந்தவை, பிரேதப் பரிசோதனை முடிந்து எரிக்கவோ புதைக்கவோ போகும் உடல்கள் போதும். கழுத்துப்பட்டை அணிந்த வரையாடு இறந்தால் மட்டும் அதன் எலும்புக்கூட்டை எப்படியாவது முழுமையாக எடுத்து வையுங்கள். எங்கே மேய்ந்தது, எந்தப் பாறையில் ஏறியது என்று தெரிந்த ஒரு விலங்கின் பல் தேய்மானமும் மூட்டும் ஆய்வாளருக்குக் கிடைப்பது மிக அரிது. ஒவ்வொன்றோடும் இடம், தேதி, ஆணா பெண்ணா, இறந்த காரணம் ஆகியவற்றைக் குறித்த சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாத எலும்பு பாதி எலும்பு. அகழாய்வுகளில் கிடைக்கும் எலும்புத் துண்டு வெள்ளாடா, செம்மறியா, வரையாடா என்று பிரித்தறியவும் இந்தத் தொகுப்பு உதவும். இந்த மூன்றையும் துண்டுகளைக் கொண்டு பிரிப்பது எவ்வளவு கடினம் என்று தொல்லியலாளர்களைக் கேளுங்கள்.

வார்ப்புகளுக்கு டேராடூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தையும், சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தையும், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையையும் அணுகலாம். இமாச்சலத்தின் சாக்கேட்டியில் 1974 முதல் சிவாலிக் விலங்குகளுக்கென்று புதைபடிவப் பூங்காவே இருக்கிறது. கட்டடமும் புதிதாக வேண்டியதில்லை. உதகையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கொடைக்கானலில் செண்பகனூர் அருங்காட்சியகத்தின் நீண்ட மரபு இருக்கிறது. வழிகாட்டி வேலைக்குத் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர், பளியர் வீட்டுப் பிள்ளைகளைப் பயிற்றுவியுங்கள். இந்த விலங்குகளின் நடையையும் மேய்ச்சலையும் எங்களைவிட நெருக்கமாக அறிந்த குடும்பங்கள் அவை. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டிவிடாமல், கணுக்கால் எலும்பும் கடைவாய்ப்பல்லும் மட்டுமாவது பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி ஒரு மேசையில் இருக்கட்டும்.

கல்வித் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் பரிணாமம் இன்னமும் இருக்கிறது. மத்தியப் பாடநூலின் பத்தாம் வகுப்பிலிருந்து அது நீக்கப்பட்ட பிறகும் நாம் வைத்திருக்கிறோம், அதற்காக நன்றி. அந்தப் பாடத்தை நடத்தும் வாரத்தில் மலை மாவட்டப் பள்ளிகள் இந்த அறைக்கு ஒருநாள் வந்துபோகப் பஸ் செலவுக்கு வழி செய்யுங்கள்.

வரும் அக்டோபர் 7க்குள் இரண்டு அறைகளும் திறக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் ஓர் உத்தரவு போதும்: இன்று முதல் குறிப்பிட்ட எலும்புகள் சீட்டோடு சேகரிக்கப்படும் என்று. எலும்பைச் சுத்தம் செய்ய, பெயரெழுத, பதிவேடு எழுத விடுமுறை நாட்களில் வருவதற்கு நானும் மேல்மலை ஆசிரியர்கள் சிலரும் தயார். எங்கே, யாரிடம் வர வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலையைச் சேர்ந்த ஓர் உயிரியல் ஆசிரியர்,
கொடைக்கானல் வட்டம்